சூரியனைக் கல் என்றவரும் நானும்

தம்பி, இந்த வயதில் அப்பா கடிதம் எழுதுகிறாரே, உடம்புக்கு ஏதாவதா என்று பதறாதே. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. முட்டி வலிக்கிறது. முப்பது வருடம் எஸ்டேட் லோரியில் கிளட்ச் மிதித்தவனுக்கு அது வரவேண்டிய வலிதான். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "பெட்டியக் கட்டி வைங்கப்பா, நானே வந்து கூட்டிட்டு வந்துடுறேன். புவனாவுக்கு எட்டாவது மாசம் பொறக்கப் போவுது. நீங்க பக்கத்துல இருந்தா எங்களுக்குத் தெம்பா இருக்கும் லா" என்றாய். சரி என்று சொல்லிவிட்டேன். பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைத்து இன்றோடு நாலு நாள் ஆகிறது. இரண்டு வேட்டி, ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் கை போகவில்லை. நான் ஜொகூருக்கு வருவதற்கு முன்னால் உனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகு, வரவேண்டாம் என்று நீயே சொல்லலாம். போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நேரில் சொல்ல அதைவிட இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ மாற்றல் வாங்கிக்கொண்டு போனபோது அலமாரியில் ஒரு நீல அட்டை நோட்டை விட்டுவிட்டுப் போனாய். உன் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக நீ எழுதிய பாடம். அனாக்சகோரஸ் என்ற கிரேக்கருடைய கதை. அந்தப் பெயரை வாய் தவறாமல் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆனது. இப்போது நோட்டு முழுவதும் மனப்பாடம். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய மனிதர். கடலோரத்தில் கிளாசோமினே என்ற ஊர். இன்றைக்கு அது துருக்கியில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். வசதியான குடும்பம், நிலபுலன் நிறைய. இவரோ நிலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆடுகள் இஷ்டத்துக்கு மேய்ந்தன. சொந்தக்காரர்கள் வந்து சத்தம் போட்டதும், அப்படியானால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். சொந்த ஊர்மேல் அக்கறையே இல்லையா என்று யாரோ கேட்டதற்கு, நிறைய இருக்கிறது என்று சொல்லி வானத்தைக் காட்டினாராம். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தக்காளிப் பாத்தியில் களை எடுக்கச் சொன்னால் நீயும் இப்படித்தான் மேலே பார்த்துக்கொண்டு நிற்பாய். இவன் எங்கே உருப்படப் போகிறான் என்று உன் அம்மாவிடம் கத்துவேன். அவள் இருந்தவரை உன் பக்கம்தான் பேசினாள்.

பிறகு அவர் ஏதென்ஸ் பட்டணத்துக்குப் போய் முப்பது வருடம் போல அங்கே இருந்தார். இந்த மாதிரிச் சிந்தனையை அந்த ஊருக்கு முதலில் கொண்டுபோனவரே அவர்தான் என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறாய். ஊரை நடத்திய தலைவனே அவரிடம் பாடம் கேட்டானாம். சூரியனைச் சாமி என்று எல்லோரும் கும்பிட்ட காலத்தில், அது பழுக்கக் காய்ந்த பெரிய கல் என்றார் இவர். நிலவில் மேடும் பள்ளமும் உண்டு, அதன் வெளிச்சம் சூரியனிடம் வாங்கியது என்றார். நிலவு குறுக்கே வந்தால் சூரியன் மறையும், பூமியின் நிழல் விழுந்தால் நிலவு மறையும், கிரகணம் என்பது அவ்வளவுதான் என்றார். ஒருமுறை ஒற்றைக் கொம்போடு ஓர் ஆட்டுக்கிடா வந்தது. குறி சொல்பவன் அதற்கு ஒரு பலன் சொன்னான். இவர் அதன் மண்டையைப் பிளக்கச் சொல்லி, மூளை குவிந்து வளர்ந்திருப்பதைக் காட்டி, கொம்பு ஒன்றானதற்குக் காரணம் இதுதான் என்றார். தொலைநோக்கி கிடையாது, புத்தகக்கடை கிடையாது. கண்ணையும் யோசனையையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு தூரம் போயிருக்கிறார். இதை நீ எனக்குச் சொல்ல வந்த அன்று நான் காது கொடுத்துக் கேட்டிருந்தால், இன்றைக்கு நம் வீட்டில் ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை இருந்திருக்கும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் வந்த அந்தச் சூரிய கிரகணத்துக்கு முந்தின நாள் உனக்கு நினைவிருக்கும். அட்டையில் ஊசியால் துளை போட்டு, சூரியனின் வெளிச்சம் தரையில் பிறையாக விழுவதைக் காட்டுகிறேன் என்று பிள்ளைகளைப் பள்ளித் திடலுக்கு வரச்சொல்லியிருந்தாய். நான் அப்போது எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குத் தலைவர். சாயங்காலம் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து, "தலைவரே, வாத்தியாரு கிரகணத்துல புள்ளைங்கள வெளிய நிக்க வைக்கப் போறாராமே? ஒங்க வீட்லயே மருமக வாயும் வயிறுமா இருக்கு. நீங்களே இப்புடி விட்டா எப்புடி?" என்று கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. நீ உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டேன். நீ பொறுமையாகத்தான் பேசினாய். "அப்பா, அது வெறும் நெழல்ப்பா. கொட புடிச்சா கீழ விழுமே, அந்த நெழல்" என்றாய். அந்தக் கிரேக்கர் பெயரை எடுத்தாய். "நாளைக்கு ஒன் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்த வெள்ளக்காரனா வந்து பாப்பான்?" என்று கேட்டேன். நீ எழுந்து போய்விட்டாய். நான் அதோடு விடவில்லை. லைன் வீடுகளில் வாசல் வாசலாக நடந்து, யாரும் பிள்ளையை அனுப்பாதீர்கள், இது என் வார்த்தை என்று சொல்லிவிட்டு வந்தேன். முப்பத்திரண்டு பிள்ளைகளில் ஒன்பது பேர்தான் வந்தார்கள் என்று நீ வருத்தப்பட்டாயே, அது என் வேலை.

மறுநாள் நீ கிளம்பிப் போனதும் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டேன். தண்ணீர்ப் பானையில் தர்ப்பை போட்டேன். புவனாவை அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னேன். பதினொன்றரைக்குக் கிரகணம் பிடித்தது. பிடித்தது என்று நாள்காட்டிதான் சொன்னது, வெளியே மூடுபனி. எதிர்மேட்டுத் தேயிலையே தெரியவில்லை, சூரியன் எங்கே தெரியும்? பன்னிரண்டு மணிவாக்கில் புவனா அறைக் கதவைத் திறந்து, "மாமா, ஒரு மாதிரியா வலிக்குது மாமா. வகுறு கல்லாட்டம் கெட்டியா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிறலாமா?" என்றாள். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா. கிரகணம் விடட்டும். இப்ப வாசப்படி தாண்டுனா புள்ளைக்கு ஆவாது" என்றேன். அவள் உனக்கு மறுபடி மறுபடி போன் செய்தாள். நீ எடுக்கவில்லை. மறுபடி வந்து, ரத்தம் படுகிறது என்றாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று கேட்டாள். "வேணாம்மா, நானே கூட்டிட்டுப் போறேன், இந்தா விட்ரும்" என்றேன். ஜீப் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. ஜீப் வாசலில் நின்றது. அன்று காலையில்தான் அதில் கியா பார்ம் கடைகளுக்குத் தக்காளி போட்டுவிட்டு வந்திருந்தேன்.

மூன்று மணிக்குக் கிரகணம் விட்டது. அப்போதும் நான் உடனே சாவியை எடுக்கவில்லை, தம்பி. கிரகணம் விட்டால் தலை முழுக வேண்டுமே. பின்பக்கம் போய் நாலு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, திருநீறு பூசி, அதற்குப் பிறகுதான் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றினேன். ஜீப் ஒரே திருகில் கிளம்பியது. நீ டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "ஏம்ப்பா இவ்ளோ நேரம்?" என்று கேட்டாய். டாக்டர் அதற்குள் உன்னிடம், ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தால் என்று சொல்லியிருந்தார். என் வாயில் வந்தது இதுதான்: "ஜீப்பு ஸ்டாட் ஆவல தம்பி. எறக்கத்துல தள்ளிக் கெளப்புனேன்." நீ என் ஈரத் தலையைப் பார்த்தாய். வேர்வை என்று நினைத்துக்கொண்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தாய். உள்ளே தள்ளுவண்டியில் படுத்திருந்த புவனா என்னைப் பார்த்தாள். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான். அவளை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது.

ஒரு பொய் சொன்னவனுக்கு அதைக் காப்பாற்றுகிற வேலை ஓயாது. நீ அந்த ஜீப்பைப் பார்க்கும்போதெல்லாம் உன் முகம் போகிற போக்கைப் பார்த்து, பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன் என்றேன். கம்போங் ராஜாவிலிருந்து ஒருவன் வந்தான். நீ பள்ளியிலிருந்து திரும்பும் நேரம். அவன் சாவியைத் திருகியதும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. "அண்ணே, எஞ்சின் சூப்பரா இருக்கு லா. இத போயி ஏண்ணே இரும்புக்குப் போடுறீங்க?" என்று கேட்டான். "எடுத்துட்டுப் போடா சீக்கிரம்" என்று விரட்டினேன். அவன் ஒரு வளைவைத் திரும்பினான், நீ மறு வளைவில் மோட்டாரில் வந்தாய். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நீ போனை ஆசிரியர் அறை மேஜைக்குள் வைத்துவிட்டுத் திடலுக்குப் போனதை நினைத்து நினைத்து உருகினாய் பார், அதற்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூணு மிஸ்டு கால், மூணு மிஸ்டு கால் என்று புலம்பினாய். அதற்குப் பிறகு நீ பிள்ளைகளுக்கு வானத்தைப் பற்றிப் பாடமே எடுக்கவில்லை. இந்த நோட்டை மறந்துவிட்டுப் போகவில்லை, வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனாய் என்று எனக்குத் தெரியும். நீ போனை எடுத்திருந்தால் வந்திருப்பாய், சரி. ஆனால் பத்தடியில் சாவியோடு உட்கார்ந்திருந்தவன் நான். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆறு வருடமாக என் பாவத்தை நீ சுமக்கிறாய்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பாய். பக்தி என்று சொன்னால் பாதிப் பொய். உன் கிரேக்கர் ஒன்று சொல்கிறார். ஆதியில் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது, அறிவு என்ற ஒன்று அதைச் சுழற்றிவிட்டுப் பிரித்தது, ஆனாலும் இன்றைக்கும் ஒவ்வொன்றுக்குள்ளும் மற்ற எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்கிறார். வெள்ளைப் பனியில்கூடக் கறுப்பு இருக்கிறதாம். முதலில் இது என்ன உளறல் என்று நினைத்தேன். பிறகு என்னையே வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு என்னிடம் பயம் இருந்தது. அம்மன்மேல் நம்பிக்கை இருந்தது. பேரப்பிள்ளைமேல் உயிரே இருந்தது, அதில் சந்தேகம் வேண்டாம். இவற்றோடு வீம்பும் கலந்திருந்தது. நேற்று மகன் சொன்னான், இன்று என் வீட்டிலேயே கிரகணத்தில் மருமகளை வெளியே கொண்டுபோனால் ஊர் என்ன சொல்லும், நான் தோற்றதாக ஆகிவிடுமே என்ற வீம்பு. அது எவ்வளவு பங்கு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. ஏதென்ஸ்காரர்கள் கடைசியில் அந்த மனிதரை விசாரணையில் நிறுத்தி, சாமி நிந்தனை என்று சொல்லி ஊரைவிட்டு அனுப்பினார்கள். அதைப் படிக்கும்போது நான் யார் பக்கம் நின்றிருப்பேன் என்று யோசிக்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். சாமி கும்பிடு, ஆனால் எந்தக் கோயிலுக்கும் தலைவராக இருந்து மாலை வாங்காதே. மாலை விழுந்த கழுத்து சுலபத்தில் குனியாது. வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னால், யாரையும் எதையும் கேட்காதே, எழுந்து போ.

அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு கோபமும் உண்டு. அவருடைய பிள்ளை இறந்த செய்தி வந்ததாம். சாகக்கூடியவனைத்தான் பெற்றேன் என்று எனக்குத் தெரியும் என்றாராம். நீ பக்கத்தில் 'எவ்வளவு பெரிய மனம்' என்று எழுதியிருக்கிறாய். அது நீ அப்பாவாவதற்கு முன்னால் எழுதியது. இப்போது எழுதுவாயா? எனக்கென்னவோ அவர் அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருப்பார் என்று தோன்றுகிறது. யாரும் அதை எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஏனென்றால் அதே மனிதர்தான் சாகும்போது, உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று புதிய ஊர்க்காரர்கள் கேட்டதற்கு, நான் செத்த மாதத்தில் வருடாவருடம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை கொடுங்கள் என்று கேட்டார். சிலை கேட்கவில்லை. பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று நினைத்த ஒருவர், சொந்தப் பிள்ளைக்கு அழாமலா இருந்திருப்பார்?

இன்னொரு கதையும் இருக்கிறது. ஏதென்ஸில் வயதான காலத்தில் கவனிப்பார் இல்லாமல், சாப்பிடாமல், துணியால் முகத்தை மூடிக்கொண்டு சாகப் படுத்துவிட்டாராம். பாடம் கேட்ட அந்தத் தலைவன் ஓடிவந்து அழுதான். விளக்கு வேண்டுமென்றால் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று சொன்னாராம் இவர். நீ மாற்றலாகிப் போனதிலிருந்து எனக்கு ஞாயிறு தவறாமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறாய். சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா, குளிருக்குக் காலுறை போடுங்க என்று. ஒவ்வொரு ஞாயிறும் அதைத் திருடித் தின்பவன் மாதிரி வாங்கிக்கொண்டேன். ஒருமுறை நீ அடுப்படியில் அழுதபோது புவனா உன்னிடம், "ஒங்க தப்பு இல்லீங்க" என்று சொன்னதைக் கேட்டேன். அதற்குமேல் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உனக்கு நான் அப்பாவாக இருந்திருக்க மாட்டேன். பிள்ளையை இழந்தவள், அதற்குக் காரணமானவனை உனக்காக விட்டுவைத்தாள். போன ஞாயிறு நீ போனை அவளிடம் கொடுத்தாய். "வாங்க மாமா" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "இங்க ஆஸ்பத்திரி பக்கந்தான் மாமா, நடந்தே போயிறலாம்" என்றாள். அவள் குத்திக் காட்டவில்லை, தம்பி. பயந்தாள். என்னை வீட்டில் வைத்துக்கொள்ள அவள் பயப்படுகிறாள், உனக்காக அதையும் விழுங்கிக்கொண்டு கூப்பிடுகிறாள். அது கேட்ட பிறகு என்னால் பெட்டி கட்ட முடியவில்லை. அவளிடம் கேள், அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். என்னிடம் கேட்காதே, நான் வருகிறேன் என்றுதான் சொல்வேன்.

கடைசியாக ஒன்று. அதுவும் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான். ஈப்போவில் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது நீ பார்க்க வேண்டும் என்று வந்தாய். "பாக்காதய்யா, பாத்தா மறக்க மாட்ட" என்று உன்னைத் தடுத்தேன். பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் நீயும் கேட்டுக்கொண்டாய். நீ அவளைப் பார்ப்பதை என்னால் பார்க்க முடியாது, அதுதான் காரணம். நீ புவனாவோடு இருந்தாய். நான் வாடகை வேனில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அடக்கம் செய்ய மலைக்கு மேலே வந்தேன். அவ்வளவு வளைவுகள், ஒன்றிலும் அவள் தலை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். பாதி வழியில் துணியை விலக்கிப் பார்த்தேன். ஆகவே உன் மகளைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நான் போய்விட்டால் சொல்ல ஆள் இல்லை, கேட்டுக்கொள். தலை நிறைய முடி, கன்னங்கரேல் என்று. மூக்கு உன்னுடையது. இடது காதுக்குக் கீழே சின்ன மச்சம், புவனாவுக்கு இருக்கிற அதே இடத்தில். உதடு கொஞ்சம் திறந்திருந்தது. வலது கை மூடியிருந்தது. நான் என் சுண்டு விரலை அந்தக் கைக்குள் மெதுவாக வைத்தேன். நம் தானா ராத்தா டவுன் வரும்வரை அப்படியே வைத்திருந்தேன், அவள் பிடிக்கவில்லை.